மறுமொழியை வாசித்தல்: உலாவியின் ‘நெட்வொர்க்’ பகுதி பிறந்த வரலாறு

ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் ஓர் இணையப் பக்கத்தின் முகவரியையும் அதைப் பார்த்த நாளையும் குறிக்கிறோம். அப்போது உண்மையில் எதைச் சான்றாக வைக்கிறோம்? திரையில் கண்ட பக்கத்தை என்றே பலரும் சொல்வர். ஆனால் அந்தப் பக்கம் நம் கணினிக்கு அப்படியே வந்து சேர்ந்த பொருள் அன்று. உலாவி, எங்கோ இருக்கும் வழங்கிகளுக்குப் பல கோரிக்கைகளை அனுப்புகிறது. அவற்றுக்குத் தனித்தனியே மறுமொழிகள் வருகின்றன. அம்மறுமொழிகளைச் சேர்த்து உலாவி கட்டித் தருவதையே நாம் பக்கம் என்கிறோம்.

சுவடி வேறு, பதிப்பு வேறு என்பதைத் தமிழ் மாணவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே. சாமிநாதையர் எத்தனை சுவடிகளை ஒப்புநோக்கினார் என்பதைப் படித்தே நாம் பாடபேதம் என்ற சொல்லைக் கற்றோம். அந்த ஒப்புமையை இங்கே நீட்டினால், திரையில் தெரிவது பதிப்பு. வழங்கியிலிருந்து வந்த மறுமொழி சுவடி. அச்சுவடியைப் பிரித்துப் பார்க்கும் கருவி நம் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸில் ‘நெட்வொர்க்’ என்றொரு பகுதி உண்டு. பொறியாளர்க்குரியது என்று கலைப்புலத்தார் அதைக் கடந்துபோய்விடுகின்றனர். அது எப்படி உருவாயிற்று, அதன் வழியே வாசிப்பது எப்போது குற்றமாகக் கருதப்பட்டது என்பதை அறிந்தால், அதைத் திறந்து பார்ப்பது நம் வேலையும்கூட என்பது விளங்கும்.

1. ஒற்றை வரியில் தொடங்கிய உரையாடல்

ஸ்விட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த நெறிமுறையின் முதல் வடிவம், பின்னாளில் எச்.டி.டி.பி. 0.9 எனப் பெயர் பெற்றது. அதில் கோரிக்கை ஒரே வரி: ‘கெட்’ என்ற சொல்லும் ஆவணத்தின் பாதையும் மட்டும். மறுமொழியாக ஆவணம் வரும், வேறொன்றும் வராது. நிலைக்குறி எண் இல்லை. இது எவ்வகை ஆவணம் என்று சொல்லும் தலைப்பு வரிகளும் இல்லை. டெல்நெட் நிரலின் வழியே வழங்கியின் 80ஆம் வாயிலோடு இணைந்து, அந்த ஒற்றை வரியைக் கையால் தட்டச்சிட்டு, வரும் மறுமொழியை எவரும் கண்ணால் படிக்க முடிந்தது. மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்துகளிலேயே இயந்திரங்கள் பேசிக்கொள்ளட்டும் என்ற அன்றைய முடிவிலிருந்தே இந்த வரலாறு தொடங்குகிறது.

1996 மே மாதம் ஆவணப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. 1.0, மறுமொழிக்கு ஒரு முன்னுரையைச் சேர்த்தது. முதல் வரியில் நிலைக்குறி எண்: கிடைத்தால் 200, இல்லையேல் 404. தொடர்ந்து தலைப்பு வரிகள்: உள்ளடக்கத்தின் வகை, நீளம், கடைசியாக மாறிய நாள். மொழியியலார் நின்று பார்க்க வேண்டிய ஒரு பிழை இவற்றுள் உண்டு. பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதைச் சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற கோரிக்கை வரியின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் ‘ஆர்’ விடுபட்டுவிட்டது. பிழை கண்டறியப்பட்டபோது அது பல நிரல்களில் பரவியிருந்தது. ஆகவே தரநிலையும் அதையே ஏற்றுக்கொண்டது. ஏடெழுதியவர் கைப்பிழை பாடமாக நிலைத்துவிடுவதற்கு இதைவிடத் துலக்கமான தற்கால எடுத்துக்காட்டு அரிது. இன்றும் உங்கள் உலாவி அனுப்பும் கோரிக்கைகளில் அப்பிழையைக் காணலாம்.

அக்காலத்தில் மறுமொழியை வாசிக்கத் தனிக்கருவி தேவைப்படவில்லை. 1993இல் வந்த மொசைக் உலாவியிலேயே பக்கத்தின் மூலத்தைக் காட்டும் வசதி இருந்தது. ஒரு பக்கம் என்பது பெரும்பாலும் ஒரு கோப்பு. கோப்பைத் திறந்தால் முழு உரையும் அங்கே இருந்தது. ஒரு தலைமுறை இணைய வடிவமைப்பாளர்கள் பிறர் பக்கங்களின் மூலத்தைப் படித்தே தொழில் கற்றனர்.

2. மூலம் வெற்றுக்கூடான காலம்

இந்நிலையை மாற்றியது ஓர் அஞ்சல் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் அவுட்லுக் அஞ்சலை உலாவியில் இயங்கச் செய்ய முயன்ற குழுவினருக்கு, ஒவ்வொரு முறையும் பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல் ஒரு சிறு தகவலை மட்டும் வழங்கியிடம் கேட்டுப் பெறும் வழி வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் உருவாக்கிய கூறு 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வெளிவந்தது, இன்று எக்ஸ்.எச்.ஆர். எனச் சுருக்கி அழைக்கப்படுகிறது. பிற உலாவிகளும் அதை ஏற்றன. 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் அதன் ஆற்றலை உலகுக்குக் காட்டின. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் எழுதிய கட்டுரையொன்று இம்முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயரிட்டது.

பயனருக்கு இது வசதி, வாசகருக்கு இழப்பு. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் இப்போது கிடைப்பது ஒரு வெற்றுக்கூடும் சில நிரல்வரிகளுமே. உரை, பெயர்ப்பட்டியல், எண்கள் ஆகியவை பின்னர், பயனர் அறியாமல் நிகழும் கோரிக்கைகளுக்கு மறுமொழியாக வந்தன. ‘மூலத்தைக் காட்டு’ என்ற கட்டளை மூலத்தைக் காட்டாத நிலை ஏற்பட்டது.

வலையமைப்பில் போவதையும் வருவதையும் பார்க்கும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1988ஆம் ஆண்டளவில் உருவான டிசிபிடம்ப், ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் வெளியிட்டு 2006இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறிய ஈத்தரியல், எரிக் லாரன்ஸ் 2003இல் வெளியிட்ட ஃபிட்லர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் முதலிரண்டும் கம்பியில் அமர்ந்து கேட்பவை. ஒரே வலையமைப்பைப் பலர் பகிரும் இடத்தில் அவை அயலார் கடிதத்தையும் பிரித்துவிடக்கூடும். ஃபிட்லரோ உலாவிக்கும் வலைக்கும் நடுவே நிற்கும் இடையாள். உலாவிக்கு உள்ளேயே, அந்த உலாவிக்கு வந்ததை மட்டும் காட்டும் கருவிக்கு இடம் காலியாக இருந்தது.

3. ஃபயர்பக்

அவ்விடத்தை நிரப்பியவர் ஜோ ஹியூவிட். நெட்ஸ்கேப்பில் பணியாற்றியவர், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் தொடக்கக் குழுவில் இருந்தவர். 2006 ஜனவரியில் அவர் வெளியிட்ட ஃபயர்பக் என்ற நீட்சி, பக்கத்தின் உறுப்புகளையும் நிரலையும் உலாவியின் கீழ்ப்பாதியிலேயே விரித்துக் காட்டியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த 1.0 பதிப்பில் ‘நெட்’ என்ற பகுதி இருந்தது. பக்கம் அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும் அங்கே ஒரு வரி. வரியின் வலப்பக்கத்தில் அது எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பட்டையாக நீண்டது. வரியைச் சொடுக்கினால் தலைப்பு வரிகளும் மறுமொழியின் உடலும் விரிந்தன. இன்று எந்த உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தாலும் காண்பது ஏறத்தாழ இதே அமைப்பைத்தான்.

அந்த நேரப்பட்டைகள் இக்கருவியின் நோக்கத்தைச் சொல்கின்றன. அக்காலத்தில் வணிக நிறுவனங்களை வாட்டிய கேள்வி, பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்பதே. யாகூ நிறுவனத்தின் ஸ்டீவ் சௌடர்ஸ் 2007இல் வெளியிட்ட ஒய்ஸ்லோ என்ற கருவி ஃபயர்பக்கின் மீதே கட்டப்பட்டது. எவ்வளவு நேரம், எத்தனை கிலோபைட் என்ற கேள்விகளுக்காக வளர்ந்த கருவி, ‘உள்ளே என்ன எழுதியிருக்கிறது’ என்ற நம் கேள்விக்கும் விடை தந்தது. வரி வசூலுக்காக எழுதப்பட்ட நிலப்பதிவேடுகளை ஊர்ப்பெயர் ஆய்வுக்கும் சாதி வரலாற்றுக்கும் பயன்படுத்தும் நமக்கு இத்தகைய மடைமாற்றம் பழகியதே.

வெப்கிட் குழுவும் 2006இல் தன் வெப் இன்ஸ்பெக்டரை அறிமுகப்படுத்தியிருந்தது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் உலாவி அதையே தனக்குள் கொண்டிருந்தது. 2011இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9, 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் எனப் பிற உலாவிகளும் தம் சொந்த நெட்வொர்க் பகுதிகளைச் சேர்த்தன. ஒருவர் தேடி நிறுவிய நீட்சி, எல்லார் கணினியிலும் பிறவியிலேயே அமைந்த உறுப்பாயிற்று. 2017இல் ஃபயர்பக் ஓய்வுபெற்றது.

4. கம்பி மூடியது, முனை திறந்திருந்தது

2010 அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்ற நீட்சியை வெளியிட்டார். பொது வைஃபை ஒன்றில் அமர்ந்தபடி, அருகிலிருப்பவர் எந்தச் சமூக ஊடகத்தில் நுழைந்திருக்கிறாரோ அதே கணக்கில் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று அது மெய்ப்பித்துக் காட்டியது. மறைகுறியாக்கம் இல்லாத இணையத்தின் அவலத்தை வெளிக்காட்டுவதே அவர் நோக்கம். 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அந்த அச்சத்தை அரசுகளின் கண்காணிப்பு வரை விரித்தன. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு கட்டணமில்லாச் சான்றிதழ்களைப் பொதுவில் வழங்கத் தொடங்கியபின், மறைகுறியாக்கம் இணையத்தின் இயல்பு நிலையாக மாறியது.

இதன் விளைவை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. கம்பியில் அமர்ந்து கேட்பவருக்கு இப்போது பொருளற்ற பைட்டுகளே கிடைக்கின்றன. மறுமொழி தெளிவான உரையாக மாறும் இடங்கள் இரண்டே: அனுப்பும் வழங்கி, பெறும் உலாவி. முதலாவது நிறுவனத்தின் கையில். இரண்டாவது நம் கையில். ஆகவே, நமக்கு என்ன அனுப்பப்பட்டது என்பதை நாமே சரிபார்க்க எளிதில் எட்டும் வாயில் நெட்வொர்க் பகுதியே.

இப்பகுதி காட்டுவதையும் கண்மூடி ஏற்றுவிடலாகாது. 2015இல் தரநிலையான எச்.டி.டி.பி. 2 நெறிமுறையில் இயந்திரங்கள் எழுத்துவரிகளில் பேசுவதில்லை. இருமக் கட்டங்களில் பேசுகின்றன. 2022இன் எச்.டி.டி.பி. 3 அமைப்பும் அவ்வாறே. ஆயினும் நெட்வொர்க் பகுதி தலைப்பு வரிகளைப் பழைய வரிவடிவில் அடுக்கிக் காட்டுகிறது. சுருக்கி அனுப்பப்பட்ட உடலை விரித்துக் காட்டுகிறது. நாம் சுவடி என்று எண்ணிப் படிப்பதும் சுவடியின் பெயர்த்தெழுதிய படியே. நல்ல படி, ஆனால் படி.

5. தமிழ் எழுத்துகள் வரும் வழி

இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களில் இன்று மொழித்தரவகங்கள் உருவாகின்றன. இணையத்திலிருந்தே பெரும்பாலான உரை திரட்டப்படுகிறது. அங்கே இந்த வாசிப்பு நேரடிப் பயன் தருகிறது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கணத்தில் அது மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிப்புள்ளிகள். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யு.டி.எஃப்.-8 முறையில், தமிழ்க் குறிப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட். அதே சொல் ஒரு தேடல் கோரிக்கையின் முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகி, மொத்தம் 45 எழுத்தாக நீள்கிறது. ஜேசன் வடிவில் வரும் மறுமொழிகளில் பின்சாய்கோடும் எண்களுமாகத் தப்பித்து எழுதினால் 30 எழுத்து. பி.எச்.பி., பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் ஜேசனை உருவாக்கும்போது இயல்பு அமைப்பில் இப்படித்தான் எழுதுகின்றன. ‘மறுமொழியில் தமிழே இல்லையே’ என்று மாணவர் திகைக்கும் இடம் இதுவே. தமிழ் இருக்கிறது, வேறு உடையில் இருக்கிறது.

இன்னும் நுட்பமான பேதங்களும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் வேறு வேறு. சீர்மைப்படுத்தாத தரவகத்தில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சொற்களின் வருகை எண்ணிக்கையும் பிழையாகும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவது அனைவரும் அறிந்த வழக்கு. இவை கண்ணுக்குத் தெரியாப் பாடபேதங்கள். தப்பித்து எழுதிய மறுமொழியில் அவை தாமே வெளிப்படும். மறுமொழி யு.டி.எஃப்.-8இல் நேரடியாக வந்தால், அதைச் சேமித்துப் பைட்டுகளைப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய தமிழ்த் தளங்களை ஆராய்வோருக்கு இன்னொரு சிக்கல். அப்போது பல தளங்கள் தத்தம் எழுத்துருவுக்கேற்ற தனிக்குறியேற்றத்தில் வெளிவந்தன. மறுமொழியில் வந்தவை உரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாக வரைந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் எழுத்துரு இன்றிக் கிடக்கும் அப்பக்கங்கள் இன்று பொருளற்ற குறிக்கோவைகளாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. குறியேற்றம் இன்னது என்று சொல்ல வேண்டிய தலைப்பு வரி பல இடங்களில் இல்லை. 1999இன் எச்.டி.டி.பி. 1.1 தரநிலையோ, சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று கொள்க என்றது. 2014இல் வந்த திருத்தம் அந்த இயல்பு முடிவை நீக்கியது.

6. வாசித்தல் குற்றமா?

2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நடந்தது, இந்த வரலாற்றில் தவிர்க்க முடியாத நிகழ்வு. ஆசிரியர்களின் சான்றிதழ் விவரங்களைப் பொதுமக்கள் தேடிப் பார்க்க மாநிலக் கல்வித்துறை ஒரு தளம் வைத்திருந்தது. அப்பக்கத்தின் மூலத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருப்பதைச் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பேச் நாளிதழின் செய்தியாளர் ஜோஷ் ரெனோ கண்டார். துறைக்குத் தெரிவித்து, அப்பக்கம் நீக்கப்படும்வரை காத்திருந்து, அதன்பிறகே நாளிதழ் செய்தி வெளியிட்டது. துறை முதலில் தயாரித்த அறிக்கை வரைவில் நாளிதழுக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஆளுநர் மைக் பார்சன் இதை ஊடுருவல் என்று அறிவித்து, வழக்குத் தொடரப்படும் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டு ஏதும் பதிவதில்லை என்று முடிவெடுத்தார். வழங்கி தானாக அனுப்பிய ஒன்றை, அதைப் பெற்றவர் படித்தார், நடந்தது இவ்வளவே.

இதனோடு வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு வழக்கு 2010இல் எழுந்தது. ஐபேட் பயனர்களின் அடையாள எண்ணை முகவரியில் இட்டால் அவர்தம் மின்னஞ்சல் முகவரியை ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் வழங்கி திருப்பி அனுப்பியது. எண்களை மாற்றி மாற்றி நிரல்வழி கேட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் திரட்டப்பட்டன. ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமருக்கு 2013இல் 41 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு நடந்த இடம் தவறு என்ற காரணத்தால் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. கேள்வியின் சாரத்துக்கு விடை கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. நமக்கு வந்த மறுமொழியை வாசிப்பது ஒன்று. பிறருக்குரியதைத் தரும்படி கோரிக்கையைத் திருத்தி அனுப்புவது மற்றொன்று. நெட்வொர்க் பகுதியில் இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன. மறுமொழியைப் படிக்கும் அதே இடத்தில், கோரிக்கையைத் திருத்தி மீண்டும் அனுப்பும் வசதியை ஃபயர்ஃபாக்ஸ் தருகிறது. கோட்டைக் கருவி காட்டாது. ஆய்வாளரே காண வேண்டும்.

இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 2017 மே மாதம் பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, நான்கு அரசுத் தளங்கள் வழியே 13 கோடியளவிலான ஆதார் எண்கள் வெளியாகியிருக்கக்கூடும் என்றது. அறிக்கை எழுதியவர்களுக்குத் தரவு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு அந்நிறுவனத்துக்கே ஆதார் ஆணையம் கடிதம் எழுதியது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, கணினியின் பொறுப்பாளர் அனுமதியின்றித் தரவைப் பதிவிறக்குவதையும் படியெடுப்பதையும் இழப்பீட்டுக்குரியதாக்குகிறது. அதையே நேர்மையற்றோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. தானாக அனுப்பப்பட்டதைப் படிப்பதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இச்சொற்களில் வெளிப்படையாக இல்லை. தரவகம் திரட்டும் நம்மைப் போன்றோருக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. நெறிக்குழுவின் முன் விண்ணப்பம் வைக்கும்போது, எதை வாசித்தோம், எதைக் கோரினோம் என்பதைப் பிரித்தெழுதும் பழக்கம் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும்.

7. மேற்கோளாகும் மறுமொழி

இறுதியாக, நடைமுறை பற்றிச் சில. ஃபயர்பக் குழுவைச் சேர்ந்த யான் ஓட்வார்கோ முதலானோர் வகுத்த ஹார் என்ற கோப்பு வடிவம், ஓர் அமர்வின் கோரிக்கைகளையும் மறுமொழிகளையும் நேரக்குறிப்புடன் சேமிக்கிறது. முறையான தரநிலையாக ஒப்புதல் பெறாவிட்டாலும் முதன்மை உலாவிகள் அனைத்தும் அதை ஏற்றுமதி செய்கின்றன. நூலகங்களும் காப்பகங்களும் கையாளும் வார்க் வடிவம் 2009இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையானது, அதுவும் தலைப்பு வரிகளோடு மறுமொழியைக் காக்கிறது. ஒரே முகவரி, நாள், இடம், நுழைந்திருக்கும் கணக்கு ஆகியவற்றைப் பொறுத்து வெவ்வேறு மறுமொழி தரும் இக்காலத்தில், முகவரியும் நாளும் மட்டும் கொண்ட மேற்கோள் போதாது. சான்றாக வைக்கும் பக்கத்தின் மறுமொழியைச் சேமித்து, நிலைக்குறி, உள்ளடக்க வகை, குறியேற்றம் ஆகிய மூன்றையும் குறித்து வைப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு பக்கம் கிடைக்காதபோது வந்தது 404ஆ, சட்டத் தடையைக் குறிக்க 2016இல் ஏற்கப்பட்ட 451ஆ என்பதும் ஆய்வுத் தரவே.

ஓர் எச்சரிக்கை. ஹார் கோப்பில் உங்கள் குக்கீகளும் நுழைவுச் சாவிகளும் இருக்கக்கூடும். 2023 அக்டோபரில் ஒக்டா நிறுவனத்தின் உதவி மையத்துக்கு வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த ஹார் கோப்புகளைத் திருடியவர்கள், அவற்றிலிருந்த சாவிகளைக் கொண்டே பிறர் கணக்குகளில் நுழைந்தனர். பகிர்வதற்கு முன் அவற்றை நீக்குக.

கைபேசிச் செயலிகள் பெருகும் இக்காலத்தில் இந்த வாயில் குறுகி வருகிறது. செயலிக்குள் எஃப்12 விசை இல்லை. என்ன கேட்கப்பட்டது, என்ன வந்தது என்பதை அதன் பயனர் எளிதில் அறிய முடிவதில்லை. ஒரே செய்தி உலாவியிலும் செயலியிலும் கிடைக்குமானால், உலாவியில் திறந்து சான்று எடுங்கள். மாணவர்களுக்கு இணையச் சான்றாதாரம் பற்றி வகுப்பெடுப்போர், ஒரு மணி நேரத்தை இப்பகுதியைத் திறந்து காட்டுவதற்கு ஒதுக்கலாம். மூலத்தைப் பார்க்காமல் பதிப்பை நம்பாதே என்று நம் ஆசிரியர்கள் சுவடி குறித்துச் சொன்னது இதற்கும் பொருந்தும்.